மண்ணீரலைத் தொட்டுக் கணக்குப் போட்ட மனிதர்



மலருக்காக ஒரு பெரிய மனிதரின் வாழ்க்கையை எழுதித் தரவேண்டும் என்று மலர்க்குழுவிலிருந்து போன் வந்தது. விஸ்வேஸ்வரய்யாவையும் அப்துல் கலாமையும் ஏற்கெனவே வேறு நண்பர்கள் எடுத்துக்கொண்டுவிட்டார்களாம். நான் ரொனால்ட் ராஸைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். சிவில் படிச்சவனுக்கும் கொசு டாக்டருக்கும் என்னப்பா சம்பந்தம் என்று எதிர்முனையில் ஒரே சிரிப்பு. சம்பந்தம் உண்டு. அதில் என் தவறு ஒன்றும் இருக்கிறது. அதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அம்மாயி சொன்ன கட்டி

எங்கள் வீடு சேந்தமங்கலத்தில். நம் விடுதி மொட்டை மாடியில் நின்றால் தெரிகிற அதே கொல்லிமலைதான் எங்கள் வீட்டுத் திண்ணையிலிருந்தும் தெரியும். இன்று காரவள்ளியில் ஆரம்பித்து 70 கொண்டை ஊசி வளைவுகளைச் சுற்றி ஏறினால் செம்மேடு வந்துவிடுகிறது. எங்கள் அப்புச்சி காலத்தில் எல்லாம் நடைதான். பலாப்பழமும் வாழைத்தாரும் தலைச்சுமையாக இறங்கும். வியாபாரத்துக்கு மேலே போகிறவர்கள் பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டில் சட்டம் மாதிரி. ராத்தங்கினால் மலைக்காய்ச்சல் வந்துவிடும். மலைத்தண்ணி ஒத்துக்காது, மலைக்காற்று ஆகாது என்பார்கள். கொசு என்று யாரும் சொன்னதில்லை.

அம்மாயிக்கு ஒரு அக்கா இருந்தாராம். ஏழெட்டு வயதில் ஒருநாள் விட்டு ஒருநாள் குளிர்காய்ச்சல் வந்து, முகம் வெளுத்து, இடப்பக்கம் விலாவுக்குக் கீழே வயிற்றில் கட்டி கட்டி, ஒரு தை மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கட்டியை அம்மாயி தன் கையால் தொட்டுப் பார்த்திருக்கிறார். கல்லு மாதிரி இருந்துச்சு என்று சாகிறவரை சொல்லிக்கொண்டிருந்தார். அது கட்டியே அல்ல, வீங்கிப்போன மண்ணீரல் என்பது எனக்கு முப்பதை நெருங்கும்போதுதான் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ராஸ்.

டாக்டராக விரும்பாத டாக்டர்

1857 மே 10-ல் மீரட்டில் சிப்பாய்கள் கிளர்ந்தார்கள். அதற்கு மூன்றாம் நாள், மே 13-ல், இமயமலைச் சாரலில் உள்ள அல்மோராவில் பிறந்தார் ரொனால்ட் ராஸ். அப்பா ராணுவ அதிகாரி. பத்துக் குழந்தைகளில் இவர் மூத்தவர். எட்டு வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டார்கள். பையனுக்குப் பிடித்ததெல்லாம் கவிதை, ஓவியம், இசை, கணக்கு. அப்பாவோ டாக்டராகு என்று பிடிவாதமாக இருந்தார். (இந்தக் கதை நம்மில் பாதிப் பேருக்குத் தெரிந்த கதைதானே!) லண்டன் பார்த்தலோமியு மருத்துவமனையில் சேர்ந்தார். மனம் ஒட்டவில்லை. இரண்டு தகுதித் தேர்வுகளில் ஒன்றில் தோற்று, கொஞ்ச காலம் கப்பல் டாக்டராக ஓட்டி, பிறகு அந்தத் தாளையும் எழுதித் தேறினார். அரியர் வைத்திருக்கும் தம்பிகள் கவனிக்கவும்.

1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து மதராஸ் மாகாணத்துக்கு வந்தார். மதராஸ், பெங்களூர், பர்மா, அந்தமான் என்று ஊர் ஊராக மாற்றல். பட்டாளத்து ஆஸ்பத்திரியில் வேலை குறைவு, ஓய்வு அதிகம். அந்த ஓய்வில் நாவல் எழுதினார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் உயர்கணிதம் படித்தார். 1883-ல் பெங்களூரில் அவர் குடியிருந்த பங்களாவில் கொசுத்தொல்லை தாங்கவில்லை. தேடிப் பார்த்தால் சன்னலுக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டியில் புழுக்கள் நெளிகின்றன. தொட்டியைக் கவிழ்த்தார், கொசு குறைந்தது. நோய்க்கும் கொசுவுக்கும் தொடர்பு உண்டென்று அப்போது அவருக்குத் தெரியாது. ஆனால் பின்னாளில் அவர் உலகத்துக்குச் சொன்ன மருந்து ஏறக்குறைய இதுதான்.

ஒரு கருந்துகளின் கதை

இங்கே கொஞ்சம் உயிரியல் பேசியாக வேண்டும். பயப்பட வேண்டாம், எனக்குப் புரிந்த அளவுதான் சொல்லப்போகிறேன்.

மண்ணீரல் இடப்பக்கம் விலா எலும்புக்கு உள்ளே ஒளிந்திருக்கும் உறுப்பு. பெரியவர்களுக்குச் சுமார் 150 கிராம், ஒரு கைப்பிடி அளவு. சாதாரணமாக வெளியிலிருந்து தொட்டால் அகப்படாது. அதை ரத்தத்தின் சல்லடை எனலாம். நம் சிவப்பணு 7, 8 மைக்ரான் அகலம் உள்ளது. மண்ணீரலில் ஒன்றிரண்டு மைக்ரான் அகலமே உள்ள இடுக்குகள் இருக்கின்றன. நல்ல அணு வளைந்து நெளிந்து அதில் புகுந்து வெளியே வந்துவிடும். 120 நாள் உழைத்துக் கிழடு தட்டி விறைத்துப்போன அணு மாட்டிக்கொள்ளும். மாட்டியதைத் தின்பதற்கென்றே அங்கே பெருவிழுங்கு செல்கள் காத்திருக்கின்றன. தின்றபின் அதிலிருக்கும் இரும்பைப் பிரித்துத் திருப்பி அனுப்புகின்றன. அந்த இரும்பைக் கொண்டு எலும்பு மஜ்ஜை நொடிக்குச் சுமார் 20 லட்சம் புது அணுக்களைச் செய்கிறது. வரவும் செலவும் சரியாக இருக்கும் ஒரு தொழிற்சாலை!

மலேரியா கிருமி சிவப்பணுவுக்குள் குடிபுகுந்து ஹீமோகுளோபினைத் தின்கிறது. அதில் புரதம்தான் அதற்கு உணவு. மிச்சமாகும் ஹீம் என்ற இரும்புப் பகுதி கிருமிக்கே விஷம். அதனால் அந்த ஹீமை ஒன்றோடொன்று அடுக்கிக் கரையாத பழுப்புக் கருப்புப் படிகமாக்கி ஒரு மூலையில் ஒதுக்கிவிடுகிறது. ஹீமோசோயின் என்று பெயர். குளோரோகுயின் மாத்திரை செய்வது இந்தப் படிகமாக்கும் வேலையைத் தடுப்பதுதான். குப்பையைக் கொட்ட முடியாத கிருமி தன் விஷத்தாலேயே சாகிறது.

கிருமி புகுந்த அணு விறைத்துவிடும். மண்ணீரல் அதைப் பிடித்து நிறுத்தும். சல்லடையில் சேரச் சேர விழுங்கு செல்கள் பெருகும், மண்ணீரல் வீங்கும், கருந்துகள் படிந்து படிந்து சிலேட்டு நிறமாகிவிடும். இத்தோடு போனால் பரவாயில்லை. உஷாரான மண்ணீரல் கிருமி இல்லாத நல்ல அணுக்களையும் சேர்த்து அழிக்க ஆரம்பிக்கிறது. ஒரு நோயணு அழிந்தால் அதோடு பல நல்ல அணுக்களும் போகின்றன. மறுபக்கம் உற்பத்தியும் படுத்துவிடுகிறது. ஹெப்சிடின் என்ற ஹார்மோனைக் கல்லீரல் கூட்டிவிடுவதால் விழுங்கு செல்களுக்குள்ளேயே இரும்பு பூட்டப்பட்டுவிடும். கருந்துகளும் அழற்சிப் பொருட்களும் மஜ்ஜையில் இளம் அணுக்கள் வளர்வதைக் கெடுக்கின்றன. அணு வேண்டும் என்று சிறுநீரகம் எரித்ரோபொயட்டின் மூலம் கத்திக் கத்திச் சொன்னாலும் மஜ்ஜை எழுந்திருப்பதில்லை. கிடங்கில் இரும்பு இருக்கிறது, ஆர்டரும் வந்திருக்கிறது, ஆனால் பட்டறை ஓடவில்லை என்ற நிலை. அதனால்தான் அம்மாயியின் அக்காவுக்கு முகம் வெளுத்தது. வயிற்றில் கட்டியும் உடம்பில் சோகையும் இரண்டு நோய் அல்ல.

இந்தக் கருந்துகளை முதலில் கவனித்தவர் மெக்கல் என்ற ஜெர்மானியர், 1847-ல். செத்தவர் உடலை அறுத்தபோது ரத்தத்திலும் மண்ணீரலிலும் அதைக் கண்டார். 1880-ல் அல்ஜீரியாவில் லவரான் என்ற பிரெஞ்சு ராணுவ டாக்டர் இந்தத் துகளைத் துரத்திக்கொண்டு போய்த்தான் அதைச் சுமந்திருக்கும் கிருமியையே கண்டுபிடித்தார். 1894-ல் விடுமுறையில் லண்டன் போன ராஸுக்கு அந்தக் கிருமியை நுண்ணோக்கியில் காட்டியவர் பாட்ரிக் மேன்சன். கொசுதான் இதை எடுத்துச் செல்கிறது என்பது மேன்சனின் யூகம். ஆனால் கொசு செத்து விழுந்த தண்ணீரைக் குடிப்பதால் நோய் வருகிறது என்று அவர் நினைத்தார். மலைத்தண்ணி ஒத்துக்காது என்ற எங்கள் ஊர்ப் பேச்சுக்கும் இதற்கும் அதிக தூரமில்லை!

நீலகிரியும் செகந்திராபாத்தும்

1895-ல் திரும்பி வந்த ராஸ் செகந்திராபாத்தில் கொசு அறுக்க உட்கார்ந்தார். இரண்டு வருடம். தவறான இனக் கொசுக்களையே அறுத்துக்கொண்டிருந்தார், ஒன்றும் அகப்படவில்லை. நடுவில் காலரா வேலைக்காகப் பெங்களூருக்கு அனுப்பினார்கள். 1897 ஏப்ரலில் விடுமுறை எடுத்து ஊட்டிக்கு வந்தவர், ஓய்வெடுக்காமல் மலேரியா மலிந்த சீகூர் மலைச்சரிவுக்கு இறங்கினார். கொசுவலைக்குள் படுத்தும் அவருக்கே மலேரியா வந்துவிட்டது. நம் தமிழ்நாட்டு மலையடிவாரம் ஒன்று அவரையும் விடவில்லை.

தேறி எழுந்து செகந்திராபாத் போனார். ஆகஸ்ட் வெயில். பங்கா போட்டால் அறுத்த கொசு பறந்துவிடும் என்று அதையும் நிறுத்திவிட்டார். வியர்வை பட்டு நுண்ணோக்கியின் திருகுகள் துருப்பிடித்திருந்தன, கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. ஆகஸ்ட் 16-ல், இறகில் புள்ளி உள்ள ஒருவகைக் கொசுக்களை ஹுசேன் கான் என்ற நோயாளியைக் கடிக்க விட்டார். கடிக்குக் கூலி கொசுவுக்கு ஒரு அணா. 20-ஆம் தேதி மிச்சமிருந்த இரண்டு கொசுக்களில் ஒன்றை அறுத்தார். வயிற்றுச் சுவரில் வட்டமான செல்கள், அவற்றுக்குள் கருந்துகள்! மறுநாள் கடைசிக் கொசுவை அறுத்தபோது அந்தச் செல்கள் இன்னும் பெரிதாகியிருந்தன. கிருமி கொசுவுக்குள் வளர்கிறது என்பது உறுதியாயிற்று.

கொசுவின் உடம்பில் இயல்பாக அந்தத் துகள் கிடையாது. ஹுசேன் கானின் ரத்தத்தில், அவருடைய ஹீமோகுளோபினிலிருந்து செய்யப்பட்ட துகள் அது. எந்த மிச்சம் மனிதனின் மண்ணீரலைக் கருப்பாக்குகிறதோ, அதே மிச்சம்தான் ராஸுக்கு வழிகாட்டியது. அந்த நாள்தான் இன்று உலகக் கொசு நாளாக நினைக்கப்படுகிறது. ஹைதராபாத் பேகம்பேட்டையில் அந்தக் கட்டடம் இருக்கிறது. அந்தப் பக்கம் வேலையில் இருக்கும் நண்பர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள்.

அடுத்த மாதமே மலேரியா அதிகமில்லாத ராஜபுதனத்துக்கு மாற்றல் வந்தது! மேலதிகாரிகள் எந்தக் காலத்திலும் ஒரே மாதிரிதான் போலும். 1898-ல் கல்கத்தா வந்தபின், மகமது பக்ஸ் என்ற உதவியாளரோடு பறவை மலேரியாவை எடுத்துக்கொண்டு மீதிப் பாதையையும் கண்டார். ஜூலை மாதம் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமி கிடைத்தது. அந்தக் கொசுக்கள் கடித்த நல்ல சிட்டுக்குருவிகளுக்கு நோய் வந்தது. ஆக, தண்ணீரும் இல்லை, காற்றும் இல்லை, கடிதான்.

அதே ஆண்டில் இத்தாலியில் கிராஸியும் அவர் கூட்டாளிகளும் மனித மலேரியாவை அனாபிலிஸ் கொசுவில் முழுமையாகக் காட்டினார்கள். 1902-ல் நோபல் பரிசு ராஸுக்கு மட்டுமே போனது. இருவரும் ஒருவரையொருவர் தூற்றிக்கொண்ட கதை நீளமானது, ராஸுக்குப் பெருமை சேர்க்காதது. மேன்சனோடும் கசந்துபோனார். கோபக்காரர், பணம் தரவில்லை என்று அரசாங்கத்தோடு மல்லுக்கு நின்றவர். பெரிய மனிதர்களைப் பற்றி எழுதும்போது இதை மறைப்பது நியாயமாகாது.

கைவைத்துப் போட்ட கணக்கு

எனக்குப் பிடித்த ராஸ் நோபலுக்குப் பிந்திய ராஸ்தான். கண்டுபிடித்தாகிவிட்டது, இனி ஒழிப்பது எப்படி? 1902-ல் சூயஸ் கால்வாய்க் கம்பெனி அவரை இஸ்மாயிலியாவுக்கு அழைத்தது. நன்னீர்க் கால்வாய் வெட்டியபின் மலேரியா பிடித்த ஊர் அது. குட்டைகளை வடித்து, தேங்கலை மூடிக் காட்டினார். நோய் சரிந்தது.

1907 கடைசியில் மொரீஷியஸ். கரும்புத் தோட்ட வேலைக்கு நம் தமிழ் மக்களும் பெருவாரியாகக் கப்பலேறிப் போன தீவு. 1867-ல் மலேரியா அங்கே பெருங்கொள்ளையாக வந்து ஆயிரக்கணக்கில் மக்களை வாரிக்கொண்டு போயிருந்தது. ஊர் ஊராக எவ்வளவு நோய் இருக்கிறது என்று அளக்க வேண்டும். ஒவ்வொருவர் ரத்தத்தையும் நுண்ணோக்கியில் பார்ப்பதென்றால் வருடங்கள் ஆகும். ராஸ் சுலபமான வழியை எடுத்தார். ஆயிரக்கணக்கான பிள்ளைகளின் இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பது, மண்ணீரல் தட்டுப்பட்டால் ஒரு கோடு. நூற்றுக்கு எத்தனை பேர் என்பதே அந்த ஊரின் மலேரியா அளவு. ரத்தத்தில் கிருமி இன்று இருக்கும், நாளை இருக்காது. மண்ணீரலோ மாதக்கணக்கில் நடந்ததை வைத்திருக்கும்.

இந்த வழி ராஸ் கண்டுபிடித்ததல்ல. டெல்லிக் கால்வாய் ஓரத்தில், கர்னால் பக்கம், ஊரெல்லாம் காய்ச்சலாகக் கிடந்தபோது காரணம் அறிய 1840-களில் ஒரு குழு போட்டார்கள். அதில் டெம்ப்ஸ்டர் என்ற டாக்டர் ஒருவர், பேக்கர், யூல் என்ற என்ஜினீயர்கள் இருவர். மண்ணீரலைத் தொட்டு எண்ணும் முறையை அங்கே கொண்டுவந்தவர் டெம்ப்ஸ்டர். வடிகால் இல்லாமல் தண்ணீர் தேங்கும் இடத்தில் மண்ணீரல் வீக்கம் அதிகம் என்று 1847-ல் அறிக்கை தந்தார்கள். கொசு தெரியாது, கிருமி தெரியாது, ஆனால் காரணம் எங்கே நிற்கிறது என்பது தெரிந்துவிட்டது!

ராஸ் இதன்மேல் தன் கணிதத்தை ஏற்றினார். கொசு எத்தனை, கடி எத்தனை, நோயாளி எத்தனை பேர் என்று சமன்பாடு எழுதினார். 1908 மொரீஷியஸ் அறிக்கையிலும் 1911-ல் வந்த புத்தகத்திலும் அது இருக்கிறது. கடைசிக் கொசுவரை கொல்ல வேண்டியதில்லை, ஒரு அளவுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் நோய் தானே அணைந்துபோகும் என்பது அதன் முடிவு. அன்று டாக்டர்கள் பலர் இதைப் பொருட்படுத்தவில்லை. கொரோனா காலத்தில் ஒருவர் எத்தனை பேருக்குப் பரப்புகிறார் என்று தினமும் டி.வி.யில் பேசினார்களே, அந்தக் கணக்குக்கெல்லாம் இது முன்னோடி.

1914-ல் போர்முனையில் மகனை இழந்தார். 1926-ல் லண்டனில் அவர் பெயரிலேயே ஆராய்ச்சி நிலையம் திறந்தார்கள். 1931-ல் மனைவி மறைந்தார். 1932 செப்டம்பர் 16-ல் அவரும் காலமானார். இன்றைய ஆராய்ச்சியோ அவர் கை வைத்த இடத்தையே மறுபடி காட்டுகிறது. இந்தோனேசியாவின் பாப்புவாவில், அறுவையில் எடுக்கப்பட்ட மண்ணீரல்களை ஆராய்ந்து 2021-ல் வந்த முடிவு இது: காய்ச்சல் இல்லாமல் வைவாக்ஸ் கிருமியைச் சுமப்பவர்களிடம், கிருமிகளில் 98 சதவீதத்துக்கு மேல் ரத்த ஓட்டத்தில் இல்லை, மண்ணீரலில் ஒளிந்திருந்தன.

என் கையில் தட்டுப்பட்டது

இப்போது என் கதை. படிப்பு முடித்து ஏழெட்டு வருடம் கழித்து, கடலோர நகரம் ஒன்றில் அடுக்குமாடிக் கட்டட சைட்டில் இருந்தேன். ஸ்லாபுக்குப் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம். லிஃப்ட் குழியில் மழைத்தண்ணீர் மாதக்கணக்கில் நின்றது. திறந்த ட்ரம்கள் வேறு. க்யூரிங் பதிவேட்டில் தினமும் கையெழுத்துப் போடுவது நான். கான்கிரீட் காயாமல் பார்த்துக்கொண்டேன், தண்ணீரில் என்ன நெளிகிறது என்று குனிந்து பார்க்கவில்லை.

ஜார்க்கண்டிலிருந்து வந்த 19 வயதுப் பையன் ஒருவன் கம்பி கட்டும் வேலையில் இருந்தான். காய்ச்சல் வந்தது, கடையில் மாத்திரை வாங்கிக் கொடுத்தோம், போனது. சில வாரத்தில் மறுபடி வந்தது, மறுபடி மாத்திரை. வேலைக்குச் சுணங்குகிறான் என்று மேஸ்திரி சொன்னதை நானும் நம்பினேன். மூன்றாம் தடவை இரண்டு மாடி ஏறுவதற்குள் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டான். உதடு வெளுத்திருந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். டாக்டரம்மா அவன் வயிற்றில் கை வைத்தவர், என் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். கல்லு மாதிரி இருந்தது. அந்த நிமிடம் அம்மாயியின் குரல்தான் காதில் கேட்டது.

ஹீமோகுளோபின் ஐந்து. வைவாக்ஸ் மலேரியா. அது கல்லீரலில் தூங்கியிருந்து திரும்பத் திரும்ப வரும் வகை. ரத்தம் ஏற்றி, குளோரோகுயினும் 14 நாள் பிரைமாகுயினும் கொடுத்தார்கள். வீங்கிய மண்ணீரலில் அடிபட்டால் கிழிந்துவிடும், பளு தூக்க விடாதே என்று எச்சரித்தார்கள். நாங்கள் அதுவரை தூக்கச் சொல்லிக்கொண்டுதான் இருந்தோம். பையன் பிழைத்து ஊருக்குப் போய்விட்டான். அவன் கிருமியை ஊரிலிருந்தே கொண்டுவந்தானா, என் குழிக் கொசு கொடுத்ததா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவனிடமிருந்து அடுத்தவனுக்குக் கொண்டுபோகும் கொசுவை வளர்த்தவன் நான்தான் என்பதில் சந்தேகமில்லை. நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் அனாபிலிஸ் ஸ்டீபன்சிக்கு மேல்தொட்டியும் கட்டட சைட்டுத் தண்ணீரும் பிடித்தமான இடம்.

அன்றிலிருந்து என் எந்த சைட்டிலும் வாரம் ஒருநாள் தண்ணீர் வடிப்பு. முட்டை கொசுவாக ஒரு வாரத்துக்குக் குறையாமல் ஆகும் என்பதால் அந்தக் கணக்கு. லிஃப்ட் குழிக்கு ஒரு பம்ப், ட்ரம்முக்கு மூடி, காய்ச்சல் என்றால் கடை மாத்திரை கிடையாது, ரத்தப் பரிசோதனை. செலவு மிகச் சொற்பம். இதற்கு முன்பே செய்திருக்கலாம்.

தமிழ்நாட்டில் மலேரியா வெகுவாகக் குறைந்துவிட்டது உண்மைதான். 2030-க்குள் நாட்டைவிட்டே ஒழிப்பது என்பது அரசின் இலக்கு. ஆனால் 1960-களில் ஒரு லட்சமாகக் குறைந்த எண்ணிக்கை, அசந்தபோது 1976-ல் 64 லட்சமாக ஏறிய நாடு இது. எனவே சிவில் தம்பி தங்கைகளே, தண்ணீரை நிறுத்தும் ஒவ்வொரு வரைபடத்திலும் அது வடியும் வழியையும் வரைந்து வையுங்கள்.

சந்திப்பு நாளன்று வழக்கம்போல விடுதி மொட்டை மாடிக்கு மலை பார்க்க வருவேன். தண்ணீர்த் தொட்டியின் மூடியையும் ஒரு பார்வை பார்ப்பேன். யாரும் கோவிச்சுக்காதீங்க.

வாழ்க நம் நட்பு! வளர்க நம் கல்லூரி!